கோர்ட்டுக்குப் போகாமலிருக்க ஒரு வீடு

நெப்ராஸ்காவில் எங்கள் ஊர் வக்கீலிடம் இருபத்திரண்டு வருடமாகத் தட்டச்சு செய்கிறேன். உயில் எழுத வருகிறவர்களில் பாதிப் பேர் பெற்ற பிள்ளைகளுக்குத்தான் பயப்படுவார்கள். ‘இந்த உயிலை எதிர்த்து வழக்குப் போடுகிறவருக்கு இதில் எதுவும் கிடையாது’ என்ற ஷரத்து என் விரல்களுக்கு மனப்பாடம்.

அர்லீன் வொடிச்கா பள்ளியில் என்னோடு ஒரே வகுப்பில் படித்தவள். அம்மா செத்த வருடம் கல்லூரியை விட்டுப் பண்ணைக்கு வந்தவள், வந்தவள்தான். மாடுகளைப் பார்த்தாள், டிராக்டர் ஓட்டினாள், அப்பா எமிலுக்குக் கால் விளங்காமல் போனபிறகு அவரைக் குளிப்பாட்டினாள். தம்பி ரோலண்ட் ஒமாஹாவில் கார் விற்றான். கிறிஸ்துமஸுக்குத் தலையைக் காட்டுவான்.

உயில் எழுத எமிலைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்ததும் அர்லீன்தான். வெளியே உட்காரச் சொன்னோம், உட்கார்ந்தாள். உள்ளே கிழவர், நானூறு ஏக்கரும் மகனுக்கு என்றார். மகள் வழக்குப் போடாமலிருக்க என்ன வழி என்றும் கேட்டார். வக்கீல் அந்த ஷரத்தைச் சொன்னார். ஆனால் இழக்க எதுவும் இல்லாதவள் தாராளமாகக் கோர்ட்டுக்குப் போவாள், பறிபோய்விடும் என்று அவள் பயப்படுகிற மாதிரி ஏதாவது கொடுத்து வையுங்கள் என்றார்.

எமில் யோசிக்கக்கூட இல்லை. "வீட்டக் குடுத்துருங்க. அத விட்டா அவளுக்கு இருக்கத் தெரியாது."

நான் ஒரு பிழை இல்லாமல் அடித்துக் கொடுத்தேன்.

போன மார்ச்சில் எமில் செத்தார். உயில் விவரம் தெரிந்ததும் சர்ச்சில் கோலாச்சி பன்னைத் தின்றுகொண்டே ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். கிழவருக்குப் புத்தி தெளிவாக இல்லை என்று வழக்குப் போடு, ஜெயித்தால் நிலத்தில் பாதி உனக்கு என்றார்கள். தோற்றால் வீடும் போகும் என்பதை மட்டும் மெதுவாகச் சொன்னார்கள். அர்லீன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். அழவில்லை, கோபப்படவும் இல்லை. மரத்துப்போயிருந்தாள்.

வழக்குப் போடும் கெடு முடிய இரண்டு நாள் இருக்கும்போது ஆபீசுக்கு வந்தாள். லிங்கன் நகரத்தில் ஒரு வக்கீல் எழுதிக் கொடுத்த மனு கையில் இருந்தது. கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

"டெல்லா, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். வீட்ட எனக்குக் குடுக்கணும்னு சொன்னது யாரு? அப்பாவா, வக்கீலா?"

வெளியே சொல்லக்கூடாத விஷயம். "உங்கப்பாதான்" என்றேன்.

மனுவை மடித்தாள். "அப்ப என்னப் பத்தியும் யோசிச்சிருக்காரு."

"ஆமா."

"அது போதும்டி" என்று மனுவை என்னிடம் நீட்டினாள். "நீயே கிழிச்சுப் போட்டுரு."

எதற்காக யோசித்தார் என்று அவள் கேட்கவில்லை. கேட்காமலே நான் சொல்லியிருக்கலாம். அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். நான் மனுவை நாலாகக் கிழித்துக் கூடையில் போட்டேன்.