மேட்டு டீக்கடை வரைக்கும்

"மொதல்ல மேல போயி ஒரு டீ குடிச்சுட்டு வந்துரலாங்க. எங்க நடக்கறதுன்னு அப்பறம் பேசிக்கலாம்."

நடை போக வரும் விருந்தாளிகளிடம் விடுதி வாசலிலேயே வழிகாட்டி காவேரி இதைச் சொல்லிவிடுவாள். டீக்கடை எண்பது படிக்கு மேலே. அவளும் பின்னாலேயே ஏறுவாள். டீ குடிக்கமாட்டாள்; வந்தவர்களின் மூச்சைக் கேட்பாள்.

விடுதிப் பலகையில் மூன்று நடைகள் எழுதியிருக்கின்றன: ஏரிக்கரை, காப்பித் தோட்டம், நாள் முழுக்க மலைமுகடு. எல்லோருக்கும் முகடுதான் வேண்டும். வழி எப்படி என்று தெரிந்த பிறகு செய்வதுதான் தேர்வு. விடுமுறைக்கு வந்தவர்களோ தெரிந்துகொள்ளும் முன்பே அதை முடித்துவிடுகிறார்கள். அப்புறம்தான் சிக்னல் கிடைக்குமா, அட்டை கடிக்குமா, மேலே ஜீப் வருமா என்று கேள்வி.

"ஜீப்பு வர்ற எடத்துக்கு நான் எதுக்குங்க?"

காவேரியைப் பொறுமைசாலி என்று சொல்வதற்கில்லை. இதே மலையிலுள்ள நாகலூர்க்காரி; முகட்டுக்குப் போகும் நாளில் மட்டும் கான்வாஸ் ஷூவுக்கு இரட்டை முடிச்சுப் போடுவாள். போன தை மாதம் ஒரு விருந்தாளி நடக்க முடியாமல் முகட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். காப்பிப் பழம் பறித்துக்கொண்டிருந்த நான்கு பேர் வேலையைப் போட்டுவிட்டு அவரைக் கட்டிலில் தூக்கி வந்தார்கள். இறங்கியதும் அவர் எழுதிக்கொடுத்த புகார்: வழிகாட்டி வேகமாக நடந்தாள். இன்னொரு புகார் வந்தால் வேறு ஆள் பார்ப்பதாக முதலாளி சொல்லியிருக்கிறார்.

இன்று வந்தவர் ஜெயபிரகாஷ். எண்பது படியில் மூன்று இடத்தில் நின்றார். அவர் மனைவி சிவரஞ்சனி எப்போதோ மேலே போய், வேர்க்காத முகத்தோடு காத்திருந்தாள்.

"ஃபுல் டேதான். நான்... தினம் ஜிம் போறவன்மா."

"உங்களுக்குத் தோட்டம் போதுமுங்க சார். முகடு வேண்டாம்."

"பணம் கட்டுறது நான். எதுன்னு முடிவு பண்றதும் நான்தான். உங்க ஓனர்கிட்ட பேசவா?"

"தாராளமாப் பேசுங்க. உங்களத் தூக்கறதுக்கு இன்னைக்கு ஆளில்லீங்க."

"அக்கா, நான் மட்டும் மேல வரலாமா?" என்றாள் சிவரஞ்சனி, கணவன் பக்கம் திரும்பாமல்.

ஜெயபிரகாஷ் போனைக் காதில் வைத்தார். மறுமுனையில் மணி அடிப்பது காவேரிக்கும் கேட்டது. அவள் படியில் உட்கார்ந்து, ஷூக்கயிற்றை அவிழ்த்து, இரட்டை முடிச்சாக இறுக்கினாள்.