மஞ்சள் போற வரைக்கும்

என் பொண்டாட்டிக்குக் கல்லு தேய்க்கிற வேலை. இப்படிச் சொன்னா உடனே தரைக்குப் போடுற கல்லான்னு கேப்பாங்க, எனக்குச் சுள்ளுனு கோவம் வரும். அவ இருக்குறது பாறைகளைப் பரிசோதிக்கிற ஆய்வுக்கூடத்துல. பாறையிலேர்ந்து ஒரு சில்லு அறுத்து, கண்ணாடித் துண்டுல ஒட்டி, ஈரப்பொடியில தேய் தேய்னு தேய்ச்சு, தலைமுடியை விட மெல்லிசா ஆக்கிடுவா. கருங்கல்லுக்குள்ளயும் வெளிச்சம் போகும்னு இவளைக் கட்டிக்கிட்ட அப்புறந்தான் எனக்கே தெரியும்.

எங்க நிறுத்தணும்கிறதுலதான் சூட்சுமமே இருக்கு. அவங்க மைக்ராஸ்கோப்புல வெளிச்சத்தை வடிகட்டுற தகடு ரெண்டு உண்டு. நடுவுல கல்லை வெச்சுப் பாத்தா, உள்ள இருக்குற கனிமம் ஒவ்வொண்ணும் அதது நிறத்தைக் காட்டும். அதையெல்லாம் பாத்துத்தான் இது இன்னதுன்னு சொல்லுவாங்க. ஆனா கனம் சரியா இருந்தாத்தான் நிறமும் சரியா வரும். அதுக்கு இவ பாக்குறது குவார்ட்ஸை. மணல்ல பளபளன்னு மின்னுமே, அதுதான். கனம் கூடினா மஞ்சளாத் தெரியும். தேய்க்கத் தேய்க்க மஞ்சள் வெளுத்துச் சாம்பல் வெள்ளைக்கு வரும், அங்க கையை எடுத்துடணும். அசந்தா கல்லு போயிடும், வெறும் கண்ணாடிதான் மிஞ்சும். இவளுக்கு அப்படி ஒரு நாளும் ஆனதில்ல.

அப்படி இருக்குறப்ப, பூமிக்குள்ள ரொம்ப ஆழத்துல துளை போட்டு எடுத்த கல்லு ஒண்ணு வந்துச்சு. நகத்தளவு ரெண்டே துண்டு. துளையை அடைச்சாச்சு, இனி எடுக்க வழியில்ல. உருகின குழம்பு ஆறி இறுகின கல்லா, இல்ல மணல் படிஞ்சு புதைஞ்சு, சூட்டுலயும் அழுத்தத்துலயும் கல்லானதான்னு பாக்கணும். வெறும் கண்ணுக்கு ரெண்டுல எதுன்னு சொல்ல முடியலையாம். முதல் துண்டை இவ தேய்ச்சா. மொத்தமும் கரைஞ்சு போச்சு.

அன்னிக்கு வீட்டுக்கு வந்தவ சாப்பிடவே இல்ல. மஞ்சள் போகவே இல்லைங்க, கல்லுதான் போச்சுன்னு சொல்லிச் சொல்லி அழுதா. அவங்க ஆய்வுக்கூடத்து மேடம் ஒரு வார்த்தை கடிஞ்சு பேசலையாம், அதுதான் இவளை இன்னும் குத்துச்சு. கைப்பக்குவம் போயிடுச்சு, திங்கக்கிழமை போய் வேலையை விட்டுடுறேன், மிச்சத் துண்டை வேற யாராவது தேய்க்கட்டும்னு முடிவே பண்ணிட்டா. அந்த வேலை இல்லைன்னா இவ பாதி ஆளு.

ஆறுதல் சொல்ற நேரத்துல நான் என்ன பண்ணேன்? சண்டை போட்டேன். நான் தையல்காரன். அக்கா மக கல்யாணத்துக்குன்னு எனக்கே ஒரு வெள்ளைச் சட்டை தெச்சு வெச்சிருந்தேன். துணி மஞ்சளா இருக்கு, கடைக்காரன் உங்களை நல்லா ஏமாத்திட்டான்னு அவ சொல்லிட்டா. வெள்ளைத் துணி எதுன்னு எனக்கா தெரியாது! வாய்க்கு வந்தபடி கத்தினேன். அவளும் வீம்புக்கு அந்தச் சட்டையை ஊற வெச்சு, அலசி, திரும்ப ஊற வெச்சு, ஒரு வழி பண்ணிட்டா.

ஞாயித்துக்கிழமை துவைக்கிறப்ப சோப்புத் தண்ணி தெறிச்சு வலது கண்ணுல பட்டுடுச்சு. அதை மூடிக்கிட்டு, இடது கண்ணால சட்டையைத் தூக்கிப் பாத்தவ அப்படியே நின்னுட்டா. கண்ணைக் கழுவிட்டு வந்து வலதைத் தொறந்து இடதை மூடினா. மறுபடி மாத்தினா. நான் சண்டையை மறந்து பக்கத்துல போனேன்.

"ஏங்க, இந்தக் கண்ணுக்கு வெள்ளை. இந்தக் கண்ணுக்கு மஞ்சள்."

அவங்க மைக்ராஸ்கோப் ஒத்தைக் குழாய். இத்தனை வருஷமும் இவ வலது கண்ணாலதான் பாத்திருக்கா. திங்கக்கிழமை வேலைக்குப் போறதுக்கு முன்னாடி கண் டாக்டர்கிட்ட இழுத்துக்கிட்டுப் போனேன். வலது கண்ணுல புரை, பழுத்து மஞ்சளாயிடுச்சு, எடுத்துட்டா சரியாயிடும், இடது கண் நல்லா இருக்குன்னாரு. கல்லு எப்பவோ வெளுத்திருக்கு. கண்ணுலதான் மஞ்சள்.

அங்கேர்ந்து நேரா ஆய்வுக்கூடம். மேடம் எல்லாத்தையும் கேட்டுட்டு, ரெண்டாவது துண்டை எடுத்து இவ கையிலயே குடுத்தாங்க. அந்தம்மா நல்லா இருக்கணும். இவ என்னையும் உள்ள வரச் சொன்னா. எதுக்குன்னேன்.

"வெள்ளைன்னா உங்களுக்குத் தெரியும்ல. எனக்கு என் மேலயே நம்பிக்கை இல்ல, பக்கத்துல இருங்க."

நாலு இழுப்பு இழுப்பா, கழுவுவா, இடது கண்ணை வெச்சுப் பாப்பா. பழக்கமில்லாத கண்ணு, கழுத்தைக் கோணிக்கிட்டுப் பாக்க வேண்டியிருந்துச்சு. ஒவ்வொரு தடவையும் என்னையும் பாக்கச் சொல்லுவா. அடர்மஞ்சள், வெளிர்மஞ்சள், நூல் வெளுக்குற மாதிரி வெளுத்துக்கிட்டே வந்துச்சு. கடைசியாப் பாத்தப்ப சுத்தமான சாம்பல் வெள்ளை. நிறுத்துன்னு சொல்லத் திரும்பினா, அவ ஏற்கெனவே கையைத் துடைச்சுக்கிட்டு நின்னுட்டிருந்தா.

மேடம் பாத்துட்டு எங்களையும் கூப்பிட்டுக் காட்டினாங்க. குவார்ட்ஸ் ஒண்ணோட ஒண்ணு இறுகிக் கிடக்கு, ஆனா ஒவ்வொண்ணுக்கு உள்ளயும் மெல்லிசா ஒரு வட்டக் கோடு. அந்த வட்டம்தான் பழைய மணலோட விளிம்பு, தண்ணி உருட்டி உருட்டி வழவழப்பாக்கின மணல்தான் இதுன்னாங்க. அத்தனை சூட்டுலயும் அது அழியலை. இவ ரொம்ப நேரம் பாத்துட்டு, அந்த இடது கண்ணையே துடைச்சுக்கிட்டா.

வெளியில வந்ததும், சட்டை வெள்ளைதான்னு இப்பவாவது ஒத்துக்கிறியான்னு கேட்டேன். நான் அதைத்தான் போட்டிருந்தேன். வலது கண்ணைக் கையால மூடிக்கிட்டு மேலேர்ந்து கீழ வரைக்கும் பாத்தா.

"வெள்ளைதாங்க. காலர்தான் ஒரு பக்கம் தூக்கிக்கிட்டு நிக்குது."

கண்ணாடிக் கதவுல பாத்தேன். தூக்கிக்கிட்டுத்தான் நின்னுச்சு.