தாய்வீட்டில் பிறந்த குற்றம்

தாராவியில் எங்கள் சந்துக்குள் மழைத் தண்ணீர் வந்தால் முதலில் உயர ஆணிக்குப் போவது காகிதங்கள் வைத்திருக்கும் பைதான். ஊரில் மழை வந்தால் வற்றலை அள்ளுவோம், இங்கே ரேஷன் கார்டை. பம்பாய்க்கு வந்து இருபது வருடம் ஆகியும் இது எனக்கு விசித்திரமாகவே இருக்கிறது. இந்த வருடம் மழையே இல்லாத நாட்களிலும் அந்தப் பையைப் பிரித்துக்கொண்டிருந்தேன். மகள் செல்விக்கு வரலாறும் சட்டமும் சேர்த்துப் படிக்கிற ஐந்து வருடப் படிப்பு வேண்டும். எதற்கு ரெண்டும் என்று கேட்டேன்.

"எப்ப இருந்து இங்க இருக்கியன்னு கேக்கான்லா, அது ஹிஸ்டரி. காகிதம் இல்லன்னா வெளிய போங்கான், அது லா. ரெண்டும் படிச்சாத்தாம்மா அவனுககிட்ட பேச முடியும்."

இரண்டு பல்கலைக்கழகங்களைப் பார்த்து வைத்திருந்தாள். ஒன்று லோக்கல் ரயிலில் போய்வரும் தூரம், இன்னொன்று தமிழ்நாட்டில். இங்கே உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு இடம் அதிகம், ஆனால் டொமிசைல் என்கிற இருப்பிடச் சான்றிதழ் வேண்டும். வாங்கப் போனோம். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர் பிறப்புச் சான்றிதழைப் பார்த்தார். பிறந்தது திருநெல்வேலி ஜில்லா. "பச்சீ பாஹர் கீ ஹை" என்றார். பிள்ளை வெளியூராம். வெளியே பிறந்திருந்தால் பதினைந்து வருடம் இங்கே இருந்ததற்கு ஆதாரம் வேண்டுமாம். பள்ளிக்கூடம் பன்னிரண்டு வருடத்துக்குத்தான் எழுதித் தரும். ரேஷன் கார்டில் அவள் பெயரை ஏற்றியதே பள்ளியில் சேர்த்தபோதுதான். லைட் பில்லோ இன்னமும் வீட்டை விற்றவர் பெயரில் வருகிறது.

செல்வி வயிற்றில் இருந்தபோது ஏழாம் மாதம் வளையல் போட்டு, அம்மா வந்து என்னை ரயிலில் கூட்டிப்போனாள். தலைப்பிரசவத்தைத் தாய்வீட்டில் பார்க்காவிட்டால் ஊர் சிரிக்கும். குழந்தைக்கு மூன்று மாதம் ஆனதும் திரும்பிவிட்டேன். அந்த மூன்று மாதத்துக்கு, பதினெட்டு வருடம் கழித்துத் தண்டனை!

எனக்குத் தெரிந்த ஹிந்தியில் ஜன்னல்காரரிடம் சொன்னேன்: முதல் பிரசவம், அம்மா வீடு. "அப்போ வீடு அங்கேதானே?" என்று சிரித்தார். ஆத்திரத்தில், உங்கள் மனைவி எங்கே பெற்றாள் என்று கேட்டுவிட்டேன். "மாஹேர், ரத்னாகிரி" என்றார் பெருமையாக. மாஹேர் என்றால் தாய்வீடு. அவளும் அங்கேதான் போயிருக்கிறாள். அவள் தாய்வீடு மாநில எல்லைக்கு இந்தப் பக்கம், என்னுடையது அந்தப் பக்கம்.

தமிழ்நாடாவது நம்முடையதுதானே என்று அதே சான்றிதழுக்கு ஊரில் இருக்கும் அண்ணனைத் தாலுகா ஆபீஸுக்கு அனுப்பினேன். "புள்ள இங்க ஒரு வகுப்பும் படிக்கலைலா, பம்பாய்ப் புள்ளன்னுட்டான்" என்று போனில் சொன்னான். ஊரில் இருந்துகொண்டு எங்களைப் பம்பாய்க்காரர்கள் என்று கேலி பேசுகிறவர்களே, பம்பாயில் அப்படி எழுதித்தர ஒருவரும் இல்லை.

கடைசி நாளன்று செல்வி இரண்டு விண்ணப்பத்திலும் 'வேறு மாநிலம்' என்ற கட்டத்தைத் தட்டினாள். மும்பைக்கு உள்ளதை முதலில் அனுப்பினாள். "சீட்டு கம்மிதான். ஆனா சண்ட இங்கதானம்மா?" பிறப்புச் சான்றிதழைப் பைக்குள் வைக்கப் போனவள் நின்றாள்.

"எனக்குத் தலைப்பிரசவம்னா நான் எங்க வரணும்மா? இங்கதான?"

"இங்கதாம்ட்டி" என்றேன். பையை வாங்கி ஆணியில் மாட்டினேன். இது எங்கள் வீடு என்று சொல்ல அதில் ஒரு காகிதமும் இல்லை.