களாவேலியும் முள்முடியும்

சென்ற கிழமை எங்கள் தெருக்கூட்டத்தில் என் அண்ணி வளர்த்த களாவேலியை அகற்றக் கோரிய ஒருவர், தண்ணீர் ஊற்றச் சோம்பிய ஒருத்தி நட்ட முட்புதர் அது என்றார். அச்சொல் நிலைபெற்றுவிடலாகாது, அதற்காகவே எழுதுகிறேன். மேசைமீது அண்ணியின் செடிவெட்டும் கத்தரி கிடக்கிறது. அதன் அலகுகளில் களாப்பால் கறுத்துக் காய்ந்திருக்கிறது.

கருவடிக்குப்பத்து இவ்வீட்டில் அண்ணனும் அண்ணியும் நானும் குடிபுகுந்தபோதே கிணறு உவர்ப்பேறியிருந்தது. அண்டைவீட்டார் குழாய்நீர் பாய்ச்சிப் புல்தரை வளர்க்க, அண்ணி மதிலுக்கு மாற்றாகக் களாவையும் சூரைமுள்ளையும் மழைத்தொடக்கத்தில் நட்டார். முதற்கோடையில் மட்டும் செடி பட்டுப்போகாதிருக்க உயிர்த்தண்ணீர். அதன்பின் ஒரு குடமும் இல்லை. உதிர்ந்த சருகைப் பெருக்கவும் விடமாட்டார். வேருக்கு அதுவே போர்வை என்பார்.

எதிர்வீட்டு முதியவர் பிரஞ்சுப் படையில் ஊழியம் செய்து திரும்பியவர்; படைவீரர் என்னும் பொருளில் தெருவே அவரைச் சொல்தா என்றழைக்கும். மாதா கோயிலுக்குப் போகையிலெல்லாம் வேலியருகே நிற்பார்.

"வாசல்ல முள்ளு வெச்சா வீடு வெளங்காதும்மா. வெட்டிப் போட்டுட்டுக் குரோட்டன்ஸ் வையி."

அண்ணி நிமிரவும் மாட்டார்; ஐயா என்பதைப் பிரஞ்சில் முசே என்றே விளிப்பார். "எங்க பங்குத் தண்ணியையும் சேத்து உங்க குரோட்டன்ஸுக்கே ஊத்துங்க முசே."

ஓராண்டு அவர் தெருவாரைத் திரட்டி, உயிர்ப்பு விழாவான பாஸ்கா முடிந்ததும் ஆள்வைத்து வேலியை வெட்டுவதென்று முடிவே செய்துவிட்டார். ஆனால், பெரிய வெள்ளிக்குச் சிலுவையில் பாடுபட்ட ஆண்டவர் சுரூபத்தின் தலையில் முள்முடி சூட்டும் பொறுப்பும் அவருடையதுதான். சுற்றிலும் மனைகள் கட்டடங்களாகிவிட்டிருந்தன. முள்ளுக்கு அவர் எங்கே போவார்? எங்கள் வேலியருகே வந்து நெடுநேரம் நின்றார்.

"ஒரு கெளை வேணும்மா."

"முள்ளு வெளங்காதுன்னீங்களே?"

"சாமிக்கும்மா."

"சாமிக்கு வெளங்கும், எனக்கு மட்டும் வெளங்காதா?"

ஆயினும் அண்ணியே வெட்டித் தந்தார். கிளையெங்கும் வெண்பூவும் பசுங்காயுமாக இருந்தது. முதியவர் அவற்றைக் கிள்ளத் தொடங்கியதும் அண்ணி அவர் கையைத் தட்டிவிட்டார்.

"முள்ள மட்டும் எடுத்துக்கினு போவ முடியாது முசே. பூவோட, காயோட வெய்யுங்க. இல்லன்னா இங்கியே போட்டுட்டுப் போங்க."

அவ்வாண்டு முள்முடி பூத்தும் காய்த்தும் இருந்ததை ஊரே பார்த்தது. பாஸ்காவுக்குப் பின் வெட்ட எவரும் வரவில்லை. முதியவர் மட்டும் வந்தார், ஊறுகாய்க்குக் காய் கேட்டு.

அண்ணியும் சொல்தாவும் இன்றில்லை. அந்தப் புல்தரைகள் சிமெண்டுத் தளங்களாகிவிட்டன. களாவில் இவ்வாண்டும் காய் பிடித்திருக்கிறது. கத்தரிக்குச் சாணை பிடிக்கவிருக்கிறேன். கிளை கேட்டு வருவோர்க்கு நானே வெட்டித் தருவேன், பூவோடும் காயோடும். என் நினைவில் பிழையிருப்பின் அறிந்தோர் வீட்டுக்கே வந்து திருத்துக. வேலியைத் தொட மட்டும் எவரும் வரவேண்டா.