ஞானம்மாள் செய்யாத அற்புதம்

பொய் சொன்னேன். ஓடுகிற வண்டியை ஓடாது என்று சொன்னேன்... அதுவும் ஒரு சாவு வீட்டில்!

இதை உங்களிடம்தான் முதன்முதலாகச் சொல்கிறேன். பாவசங்கீர்த்தனத்துக்கு முழங்காலிட்ட போதெல்லாம் கோபம், பொறாமை என்று சில்லறைப் பாவங்களை மட்டும் சாமியாரிடம் ஒப்பித்துவிட்டு எழுந்து வந்திருக்கிறேன்.

தொண்ணூறுகளின் பிற்பகுதி. பெங்களூரில் தொழிற்சாலை வேலையிலிருந்து விருப்ப ஓய்வு பெற்றிருந்தேன். ஐம்பது வயது வரை சைக்கிளைத் தவிர எந்த வண்டியும் எனக்குச் சொந்தமாக இருந்ததில்லை. முதன்முதலாக வாங்கியதோ ஒரு பிண வண்டி! மூடிப்போன சவப்பெட்டிக் கடையின் பின்புறம் வருடக்கணக்காகக் கிடந்தது. வெள்ளைக்காரன் காலத்தது, இருபுறமும் கண்ணாடி, கூரைமேல் சிலுவை, உள்ளே கோழி இட்ட முட்டைகள். பழைய இரும்புக்குப் போகவிருந்ததை ஏன் வாங்கினேன்? அந்த முகப்பு விளக்குகளைப் பார்த்ததும் ஆசை வந்துவிட்டது, அவ்வளவுதான்.

தெருவே சிரித்தது. 'பொணவண்டி சேவியர்' என்று பெயரும் வைத்தது. இன்ஜினைப் பிரித்துப் போட்ட மெக்கானிக் நஞ்சப்பாகூட, பிண வண்டிக்கு இத்தனை ஷோக்கா என்று கன்னடத்தில் கேலி செய்துகொண்டேதான் வேலை பார்த்தார்.

ஸ்டெல்லா மட்டும் சிரிக்கவில்லை. அடுத்த சந்தில் துணி தைத்துப் பிழைத்தவள். படுத்த படுக்கையாகிவிட்ட தாய் ஞானம்மாளைத் தனியாகப் பார்த்துக்கொண்டவள். கண்ணாடிகளுக்கு ஊதா வெல்வெட் திரை, பெட்டி வைக்கும் பலகைக்கு மெத்தை, எல்லாம் அவள் கைவேலை. கூலி வாங்க மறுத்துவிட்டாள்.

"அப்பாவ லாரிலதாண்ணா கொண்டு போனோம். மழைல பொட்டியெல்லாம் நனைஞ்சிடுச்சி. அம்மாவயாவது இதுல அனுப்பி வெக்கணும். அது போதும்ணா எனக்கு."

"கண்டிப்பா ஸ்டெல்லா. மொத சவாரியே அம்மாதான்!"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவள் சிரித்தே விட்டாள்.

இரண்டு வருடம் ஆயிற்று. கறுப்புப் பூச்சில் முகம் பார்க்கலாம் என்ற நிலைக்கு வண்டி வந்தது. ஆனால்... அதில் என் முகத்தையே பார்க்கத் தொடங்கிவிட்டேன். பழைய வண்டிகளின் ஊர்வலம் ஒன்றில் சேர்த்துக்கொள்ள அதை நடத்துபவர்கள் வந்து பார்த்தார்கள். "இப்பல்லாம் பொணம் ஏத்தறதில்லையே?" என்று ஒருவர் கேட்டார். "சேச்சே, இல்லவே இல்ல சார்!" என்றேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை என்று நாளும் குறித்துக் கொடுத்தார்கள்.

அதற்கு முந்தைய நாள், சனிக்கிழமை காலை, கோயிலில் துக்கமணி அடித்தது. ஞானம்மாள்!

என் கால்கள் எங்கே போயின தெரியுமா? சாவு வீட்டுக்கு அல்ல... வண்டிக் கொட்டகைக்கு! யாரும் கேட்டு வருவதற்கு முன்பே பானெட்டைத் திறந்தேன். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் ரோட்டரைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். கட்டைவிரல் அளவு சாமான்தான். அது இல்லாமல் வண்டி கிளம்பாது.

கல்யாணமாகித் தனியே போய்விட்டிருந்த ஸ்டெல்லாவின் தம்பி நான்கு பேரோடு வந்தான். சாவியைத் திருகித் திருகிப் பார்த்தான். "தள்ளிப் பாக்கலாம் சார்" என்றான். தெருமுனை வரை தள்ளினார்கள். நானும் ஒரு கை கொடுத்துத் தள்ளினேன்! தள்ளும்போதே, பூச்சின்மேல் அவர்களுடைய வியர்வைக் கைகள் பதிவதைப் பார்த்து எனக்கு மனம் பதறியது. தாயை இழந்தவன் அங்கே மூச்சிரைக்க நிற்கிறான்... நானெல்லாம் ஒரு மனிதனா?

வண்டி ஓடாது என்று ஸ்டெல்லாவிடம் போய்ச் சொன்னதும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க என்னண்ணா பண்ணுவீங்க... வண்டிதானே, விடுங்க." எனக்கு அவள் ஆறுதல் சொன்னாள்!

ஞானம்மாள் காய்கறி டெம்போவில் போனாள். அதன் தளத்தில் ஒட்டியிருந்த கோஸ் இலைகளை ஸ்டெல்லாவே பொறுக்கி எடுத்தாள். கல்லறைத் தோட்டம் வரை நான் பின்னாலேயே நடந்தேன், சட்டைப் பையில் ரோட்டரோடு.

மறுநாள் வண்டி முதல் திருகலிலேயே கிளம்பியது. பரிசும் கிடைத்தது. திங்கட்கிழமை பேப்பரில் படம்.

அந்தப் பேப்பரோடு ஸ்டெல்லா வந்தாள். மாட்டிக்கொண்டேன் என்று நினைத்தேன். உண்மையைச் சொல்கிறேன், ஒரு கணம் நிம்மதியாகக்கூட இருந்தது. ஆனால் அவள் அழுதுகொண்டே சிரித்தாள்.

"அண்ணா! அத்தன பேர் தள்ளியும் ஓடாத வண்டி, அடக்கம் முடிஞ்ச மறுநாளே எப்படிண்ணா ஓடும்? அம்மாதாண்ணா... மேல போனதும் மொத வேலையா உங்களுக்காக வேண்டியிருக்காங்க!"

"ஆமா ஸ்டெல்லா" என்றேன்.

முதல் பொய்யைவிட இந்த இரண்டு சொற்கள்தான் என்னைக் கொல்கின்றன. அவள் ஊரெல்லாம் சொன்னாள். இன்று புது ஆட்டோ வாங்குகிறவர்கள் சாவியைக் கொண்டுவந்து ஞானம்மாள் கல்லறையில் தொட்டு எடுத்துப் போகிறார்கள். யாராவது சந்தேகப்பட்டால், "சேவியர் அண்ணனையே கேளுங்க" என்கிறாள். நானும் சாட்சி சொல்கிறேன்... வருடத்துக்கு வருடம் நன்றாகவே சொல்கிறேன்!

அதன் பிறகு யார் கேட்டாலும் வண்டியை இலவசமாக அனுப்புகிறேன். எத்தனையோ பெட்டிகள் அந்த மெத்தையில் ஏறிவிட்டன. அதனால் என்ன? முதல் சவாரி ஞானம்மாளுக்குச் சேர வேண்டியது அல்லவா!

உண்மையைச் சொல்லிவிடலாமா? சொன்னால் ஸ்டெல்லாவிடமிருந்து அவள் தாயை இன்னொரு முறை பறித்தவன் ஆவேன். இது இரக்கமா, இல்லை பயமா? பயம்தான் என்று நீங்கள் சொல்வீர்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

போன கல்லறைத் திருநாளன்று ஸ்டெல்லா என் கையிலிருந்த வண்டிச் சாவியை வாங்கி, மெழுகுவர்த்திகளுக்கு நடுவே வைத்தாள். "அம்மாக்கு ஒரு நன்றி சொல்லுங்கண்ணா" என்று என்னை முழங்காலிட வைத்தாள்.

மன்னித்துவிடுங்கள் அம்மா என்பது தொண்டை வரை வந்தது... ஸ்டெல்லா பக்கத்திலேயே இருந்தாள்.

"நன்றிம்மா" என்றேன், அவள் காதில் விழும்படியாக.