ஆறு கட்டைகளும் ஒரு ஜீனர் டையோடும்

வெயிலில் காய்ந்த டார்ச் பேட்டரிக் கட்டையை எடுத்தால் உள்ளங்கை சுடும். அடியில் கசிந்த பசையின் துரு வாசனை, சோப்புப் போட்டாலும் விரலை விட்டுப் போகாது. ஜவ்வாது மலையில் நான் பிளஸ் டூ படித்த உறைவிடப் பள்ளியில் தீர்ந்த கட்டைகளை யாரும் எறிவதில்லை. மாடிச் சுவரில் வரிசையாக நிறுத்தி இரண்டு நாள் காயவைத்தால் "உசுரு வந்துடும்" என்போம். டார்ச்சுக்கு அந்த உயிர் போதும்.

இயற்பியல் செய்முறைத் தேர்வன்று மின்சாரம் போய்விட்டது. எனக்கும் பக்கத்து மேசைப் பச்சையம்மாவுக்கும் வந்தது ஜீனர் டையோடு. அதைத் தலைகீழாக இணைத்து மின்னழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனால், 6.8 வோல்ட் வரை மில்லி அம்மீட்டரின் ஊசி அசையாது. அங்கே டையோடு 'முறிந்து' மின்னோட்டம் சட்டென்று ஏறும். அந்த ஏற்றத்தைத்தான் அட்டவணையில் காட்ட வேண்டும். "ஆறு கட்டை போட்டா ஒம்பது வோல்ட்டு, ஹாஸ்டல்ல போய் எடுத்தாங்கமா" என்றார் எங்கள் ஆசிரியர். நாங்கள் எடுத்து வந்தவை மாடிச் சுவரில் நின்றவை.

வோல்ட்மீட்டர் 6.4 வரை ஏறி நின்றுவிட்டது. மின்னழுத்தத்தைக் கூட்டும் குமிழைக் கடைசிவரை திருகினேன், கம்பிகளை மூன்று முறை கழற்றி மாட்டினேன். ஊசி பூஜ்யத்திலேயே படுத்திருந்தது. பொறியியல் சேர்க்கைக்கு அந்த மதிப்பெண் எனக்கு முழுதாக வேண்டியிருந்தது.

"எனக்கும் ஆடல. ரெக்கார்டு நோட்டுல இருக்கறத எழுதிட்டு எந்திரிடி" என்று பச்சையம்மா கிசுகிசுத்தாள்.

"பாக்காதத எப்புடிடி எழுதறது?"

"ஆமா, நீ பெரிய அரிச்சந்திரன் வூட்டுப் பொண்ணு!"

நான் பதினொரு வரிசைகளிலும் 0 என்று எழுதினேன். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் தாளைத் தூக்கிப் பார்த்தார். "இன்னாமா, கோழிப்பண்ணை வெச்சிருக்கியா? பூரா முட்டையா இருக்குது?"

"ஊசி ஆடலீங்க சார்."

"அந்தப் பொண்ணுக்கு மட்டும் ஆடிச்சா?"

பச்சையம்மா தலை நிமிரவில்லை. நான் அவளைக் காட்டிக்கொடுக்கவில்லை. அவளுக்கு முழு மதிப்பெண் வந்தது. எனக்குப் பாதிக்கும் குறைவு. சேர்க்கைப் பட்டியலில் என் பெயர் இல்லை. வணிகவியல் படித்துப் போளூரில் எழுத்தரானேன்.

பல வருடங்கள் ஆசிரியர், தேர்வாளர், பச்சையம்மா எல்லோர்மேலும் எரிச்சலாக இருந்தேன். போன மாதம் ஒரு ஜீனர் டையோடும் மைக்ரோ ஆம்பியர் காட்டும் மீட்டரும் வாங்கி வந்து, அதே 6.4 வோல்ட்டைக் கொடுத்துப் பார்த்தேன். 0.2 என்று காட்டியது. முறிவுக்கு முன்பும் ஒரு சிறு கசிவு ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. எங்கள் மில்லி அம்மீட்டருக்கு அதைக் காணும் கண் இல்லை, அவ்வளவே. கண்டதைக் கண்டபடி எழுதினேன் என்று இத்தனை காலம் நான் பெருமைப்பட்ட பதினொரு பூஜ்யங்களும் தவறு. 'முறிவு மின்னழுத்தம் எட்டவில்லை, மின்னோட்டம் இந்த மீட்டருக்கு எட்டாத அளவு' என்று கீழே ஒரு வரி எழுதியிருக்கலாம். அது தோன்றவில்லை.

அந்த ஆய்வகம் இப்போது இல்லை. விடுதியில் எல்லோர் கையிலும் கைபேசி வெளிச்சம், கட்டை காயவைப்பார் யாருமில்லை. என் விடைத்தாளும் எப்போதோ கூழாகியிருக்கும். என் நாட்குறிப்புகளில் பிழை கண்டால் சிவப்பு மையில் திருத்தித் தேதி போடுவது வழக்கம். இந்தத் திருத்தத்தை எழுத என்னிடம் பக்கம் இல்லை.