குழம்பில்லாமல் ஒரு வாய்

சென்னையில் ஒரு ஹலால் சைனீஸ் உணவகத்தில், வினிகரில் ஊறிய பச்சைமிளகாய்க் கிண்ணத்தை மேசையில் வைத்ததும், அந்தப் புளிப்பு வாசனை என்னை மீமிசலுக்கு, சிங்கப்பூரில் சமையல் வேலை பார்த்துத் திரும்பிய அத்தா நடத்திய நான்கு மேசைச் சைனீஸ் கடைக்கு இழுத்துப்போனது. இரும்புச் சட்டியில் கரண்டி ஓயாமல் தட்டும், கடற்காற்றில் அடுப்பு சீறும், லாரியில் மீன் ஏற்றிவிட்டு வந்தவர்கள் நூடுல்ஸைப் பார்த்ததும், "இதுக்குக் கொழம்பு இல்லீங்களா?" என்பார்கள். வேறு வழியில்லாமல் அம்மா வைத்த மீன்குழம்பு தினமும் தூக்குவாளியில் கடைக்குப் போனது. நானும் அதை ஊற்றிப் பிசைந்துதான் தின்பேன். "ஒரு வாய் கொழம்பில்லாமத் தின்னு பாரும்மா" என்று அத்தா என்னிடம் மட்டும் கேட்பார். நான் வாளியைத்தான் இழுப்பேன்.

கடை போய், அத்தாவும் போய் வருடங்களாகிவிட்டன. இன்று முதன்முறையாக நூடுல்ஸைக் குழம்பில்லாமல் சாப்பிட்டேன்.

நல்லாத்தான் இருந்துச்சு, அத்தா.